பல்லக்கா தொடும் மெஷின்

மரத்தைச் செதுக்கும் பிட்டின் நுனிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துவிட்டு, பல்லக்கா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இடது கை விசைப்பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் மெஷினின் தலை மயிரிழை அளவு கீழே இறங்குகிறது. வலது கையில் காகிதம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் இந்த வேலையைச் செய்யும்போது காகிதத்தை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பிட் பலகையைத் தொடும் உயரத்துக்கு வந்ததும் காகிதம் சிக்கும்; அந்த இடத்தைப் பூஜ்யம் என்று கணினிக்குச் சொன்னால், அங்கிருந்து எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். பல்லக்காவுக்கு இழுக்கும் வேலை மிச்சம். அவர் கை தானாகவே ஆடுகிறது. ஆடும் காகிதம் சட்டென்று நின்றால் பிட் தொட்டுவிட்டது என்று பொருள்.

"நின்னுடுச்சு," என்கிறார். "பூஜ்யம் போட்டாச்சு. அடுத்து யாரு?"

பக்கத்தில் நிற்பவர்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். அது அவருக்கு முதுகிலும் தெரியும். "என் கைல ஒண்ணும் எழுதியில்ல. திரைல எழுதியிருக்கு, அங்க பாருங்க," என்பார்.

பல்லக்கா என்பது பட்டறை வைத்த பெயர். முதல் நாள் வந்தபோது என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "பல்லு," என்றார். டாக்டரா என்று அடுத்த கேள்வி. "டாக்டர் பிடுங்குவாரு. நான் செய்வேன்," என்றார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அறுபதை எட்டிப் பார்க்கும் வயது. குட்டையான உருவம், கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிற மேலங்கி. ஆட்களை முகத்தால் நினைவு வைத்துக்கொள்வதில்லை, வாயால்தான். "அந்த மேல் வரிசை நெருக்கமா இருக்குமே, அவரு வந்தாரா?" என்று கேட்டால், யாரைச் சொல்கிறார் என்று பட்டறைக்கே தெரியும். சொல்லப்பட்டவர் மட்டும் அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டு திரிவார்.

கல்யாணம் ஆன புதிதில் ஒரு பல் செட் செய்யும் கூடத்தில் சேர்ந்தவர், அங்கேயே தலை நரைத்தார். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பூனை மீசை போன்ற தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சூளையில் வைத்து எடுக்கும் வேலை. முன்பல்லின் ஓரத்தில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவ வேண்டும். இல்லாவிட்டால் பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும் என்பார். அந்தத் தூரிகைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் பொடி பல்லில் உட்காராமல் மேசையில் உட்கார்ந்தது. கை சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. எதையாவது எடுக்கப் போனால்தான் நடுக்கம் வருகிறது.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா போகாது, கூடவே இருக்கும்," என்றார் டாக்டர்.

"அப்ப என் வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை. வெளியே நாற்காலியில் காத்திருந்த வீட்டுக்காரர்தான் சிரித்தார். அவர் தபால்காரர், நடந்து நடந்து கால் தேய்ந்தாலும் வாய் தேயாத மனிதர்.

கூடத்தின் முதலாளி நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். பல் வேண்டாம், பொட்டலம் கட்டுங்கள், பெயர் ஒட்டுங்கள் என்று வேறு மேசை கொடுத்தார். பல்லக்கா அந்த மேசையில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். தான் செய்யாத பல்லைத் தன் கையால் பெட்டியில் போட்டு மூடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, அதை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு போனார். அதைத்தான் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பொதுப் பட்டறை, முன்பு துணி வெளுக்கும் கடையாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. தரையில் தண்ணீர் ஓடிய வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன. கீழே விழும் திருகெல்லாம் ஓடிப்போய் அங்கேதான் ஒளியும். 'எவரும் வரலாம், எதுவும் செய்யலாம், துடைத்துவிட்டுப் போகவும்' என்று வாசலில் எழுதியிருக்கும். மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டும் நடந்துகொண்டிருந்தன. ஊரை விட்டுப் போன ஓர் உறுப்பினர் விட்டுச்சென்ற அட்டைப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. உள்ளே ஒரு மேசை ரவுட்டர், துண்டு துண்டாக. கணினியில் வரைந்ததை மரத்தில் தானாகவே செதுக்கும் சி.என்.சி. மெஷின். துண்டுகளைச் சேர்த்துப் பூட்டியவர் யாரும் இல்லை. அதன்மேல் டீ டம்ளர் வைத்து வைத்து, மேல் பெட்டியில் வட்டம் வட்டமாகக் கறை படிந்திருந்தது.

பல்லக்கா டம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த கையேடு யாருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. "படம் இருக்குல்ல, போதும். பல்லுக்கு மட்டும் என்ன மொழி இருக்கு?" என்றார்.

திருகு ஒன்றை எடுத்தார், விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும். உடனே நாலா பக்கமிருந்தும் கைகள் நீண்டன. "குடுங்கக்கா, நான் போடறேன்." "நீங்க சொல்லுங்க, நாங்க செய்றோம்."

"கைய எடுங்க எல்லாரும்," என்றார் பல்லக்கா. "திருகு விழுந்தா குனிஞ்சு எடுக்க எனக்கு முதுகு இருக்கு."

எல்லோரும் கையை எடுத்தார்கள். ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. அவர் பட்டறைக்குப் பொறுப்பாளர், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயைத் திறந்ததுமே பல்லக்கா அவரிடம், "அந்த முன்பல்லு யார் செஞ்சது? நிறம் ஒரு படி தூக்கலா இருக்கு," என்று கேட்டுவிட்டார். அவரும் கையை எடுத்தார். அன்று முதல் அவர் இவரை அக்கா என்கிறார், இவர் அவரை அண்ணே என்கிறார். இருவரில் யார் மூத்தவர் என்பதை இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

பூட்டி முடிக்கப் பல நாட்கள் ஆயின. சட்டத்தின் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் நூல் கொஞ்சம் மிச்சம் விழுந்தது, சட்டம் கோணல். அவிழ்த்துவிட்டு மறுபடி பூட்டினார். அப்போதும் கோணல். "இதுக்கு மேல யார் பாக்கப்போறா?" என்றார் தீயணைப்புக்காரர். "கடிச்சுப் பாத்தா தெரியும்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் அவிழ்த்தார்.

முதல் வெட்டு ஊரைக் கூட்டிச் செய்தார். சின்னப் பலகையில் ஒரே ஓர் எழுத்து, 'அ'. மெஷின் முனகிக்கொண்டே போய் வந்தது. தூளை ஊதிப் பார்த்தால், எழுத்து வலமிடம் மாறிக் கிடந்தது.

"இது எந்த மொழிக்கா?" என்றார் தீயணைப்புக்காரர்.

"கண்ணாடிக்கு முன்னாடி வெச்சுப் படிங்கண்ணே," என்றபடி ஒரு மோட்டாரின் வயரைக் கழற்றித் திருப்பிப் போட்டார் பல்லக்கா. அடுத்த 'அ' நேராக வந்தது. யாரோ கைதட்டினார்கள். பல்லக்கா விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஓடத் தொடங்கிய மெஷினுக்கு உறவினர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்களுக்கு எல்லாம் திடீரென்று மரத்தின்மேல் ஆசை. கதவு எண் வெட்ட ஒருவர், கிடார் செய்ய ஒருவர், மகளுக்குப் புதிர்ப் படம் செய்ய ஒருவர். கிடார்க்காரர் காலையில் பலகையை மாட்டிவிட்டு, "என் வேலை இன்னும் முடியல" என்று மாலைவரை சொல்லிக்கொண்டிருப்பார். சண்டை வந்தது. தீயணைப்புக்காரர் ஒரு வழி சொன்னார்: எல்லோரும் வரைந்ததைப் பல்லக்காவிடம் கொடுத்துவிடுவது, அவர் மட்டும் ஓட்டுவது. மெஷின் கெடாது, சண்டையும் வராது.

யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். பல்லக்கா மாட்டேன் என்றார்.

"எனக்கு ஒரு நாள் முடியலைன்னா மெஷினும் சேர்ந்து படுத்துக்கணுமா? ஓட்டத் தெரியாதவங்க பொருள் இங்க ஓடாது. கத்துக்கிட்டவங்க அடுத்த ஆளுக்குக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்."

அப்படித்தான் நடந்தது. பல்லக்கா ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தார், அவர் இன்னொருவருக்கு, சொல்லிக்கொடுத்ததில் பாதி தப்பாக இருந்தால் மூன்றாமவர் வந்து சண்டை போட்டுத் திருத்திக்கொண்டார். பலகையை எப்படி இறுக்குவது, எந்த மரத்துக்கு எந்த வேகம், சத்தம் மாறினால் சிவப்புப் பொத்தானை எப்படி அடிப்பது என்று பட்டறையில் பாதிப் பேருக்குக் கைவந்தது. ஒரு கட்டத்தில் பல்லக்கா இல்லாமலே மெஷின் ஓடியது. தொலைவிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பாதி டம்ளர்தான் குடிப்பார். மீதிப் பாதி ஊற்றவே விடமாட்டார். ஊற்றினால் மேலங்கிதான் குடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் வந்து சேர்ந்தார். பக்கத்து மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் இருக்கும் வார்டு. அவர்கள் விரலால் தொட்டுக் காட்ட, படங்கள் புடைத்து நிற்கும் ஒரு பலகை செய்ய வேண்டும் என்றார். தண்ணீர் டம்ளர், போர்வை, ஜன்னல், வலி, வீடு. 'வலி'யை எப்படி வரைவது என்று அவரும் பல்லக்காவும் நாள்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் சுருண்டு படுத்த ஓர் உருவம் என்று முடிவானது. வேலை விட்டு வந்த களைப்போடு உட்கார்ந்து நர்ஸ் ஒவ்வொன்றாக வரைந்தார். பருமனான பிட்டில் முதல் வெட்டு முடிந்தது. படங்கள் மங்கலாக மேலெழும்பின. மிச்சம் நுணுக்க வேலை. அதற்குச் சன்னமான பிட்டை மாற்ற வேண்டும்.

நர்ஸ் மாற்றியிருப்பார். "இரு, இது ஒல்லி. உடைஞ்சிடும்," என்று பல்லக்காதான் வாங்கிக்கொண்டார்.

பிட்டை மெஷினின் கழுத்தில் செருகி, கீழே ஒரு ஸ்பேனர், மேலே ஒரு ஸ்பேனர் என்று இரண்டையும் எதிரெதிராகத் திருகி நட்டை இறுக்க வேண்டும். முதல் தடவை ஸ்பேனர் வழுக்கியது. இரண்டாவது தடவை பிடித்தது, ஆனால் முழுசாகப் பிடிக்கவில்லை. அது அவர் விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவை முயல வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பல்லக்காவுக்குத் தெரியும். டாக்டரிடம் பார்த்திருக்கிறார், கூடத்து முதலாளியிடம் பார்த்திருக்கிறார்.

"ஆச்சு, ஓட்டு," என்றார்.

மெஷின் போர்வையைச் செதுக்கியது, ஜன்னலைச் செதுக்கியது. பாதி இறுகிய பிட் ஓட ஓடக் கழுத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. சத்தம் மாறியபோது அது சுருண்டு படுத்த உருவத்தின் நடுவே பலகையைத் துளைத்துக்கொண்டு அடியில் உள்ள மேசைவரை இறங்கியிருந்தது. நர்ஸ்தான் சிவப்புப் பொத்தானை அடித்தார். ஒடிந்த பிட்டின் துண்டு பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

நர்ஸ் பலகையைத் தடவிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மெஷினுக்குமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கை நடுக்கம் உள்ளவர்கள் இந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது. பொறுப்பாளர்.'

பல்லக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். "உள்ளவர்கள்னு என்னத்துக்குண்ணே பன்மை? நான் ஒருத்திதானே. பேரைப் போட்டிருக்கலாம்."

தீயணைப்புக்காரர் இந்தப் பேச்சுக்குத் தயாராகத்தான் இருந்தார். "அக்கா, எரிஞ்ச பிறகு சாம்பல் கூட்டற வேலைய நான் நிறையச் செஞ்சாச்சு. அந்தத் துண்டு சுவத்துக்குப் போனது அதிர்ஷ்டம். கண்ணுக்குப் போயிருந்தா? உங்க வீட்டுக்காரர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? பாத்துக்கோங்கன்னு என் கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாரே."

பல்லக்காவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "யாரு சொன்னது?"

பட்டறையில் அன்று கிடார்க்காரர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பல்லக்கா சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிசகும் இல்லாமல். பல்லக்கா இல்லாவிட்டால் நின்றுபோகும் மெஷினாக இருந்திருந்தால், அந்தத் தாளை ஒட்டும் தைரியம் யாருக்கும் வந்திருக்காது. புதிர்ப்படக்காரர் அதை வாய்விட்டே சொன்னார்: "எல்லாருக்கும் சொல்லிக்குடுத்திருக்கவே கூடாதுக்கா நீங்க."

"தெரிஞ்சுதான் குடுத்தேன்," என்றார் பல்லக்கா. "திருப்பியா வாங்கிக்க முடியும்?"

வீட்டில் தபால்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"நீங்க அவர்கிட்டப் பேசினீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பாத்துக்கோங்கன்னு சொன்னேன். தொடாதீங்கன்னு சொல்லச் சொல்லல."

"நான் என்ன, ரோட்டுல நிறுத்தி வெச்ச சைக்கிளா? பாத்துக்கறதுக்கு?"

"பயமா இருக்கும்மா, வேற என்ன."

"உங்களை நாய் கடிச்சப்ப எனக்குப் பயமா இல்லையா? இனிமே தபால் போட வேணாம்னு சொன்னேனா? கட்டுப் போட்டு அதே தெருவுக்குத் திரும்ப அனுப்பி வெக்கல?"

"அனுப்பி வெச்சே," என்றார் அவர். "அதே நாய் மறுபடியும் கடிச்சுது."

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "சிரிச்சதால சரின்னு அர்த்தம் இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தபால்காரர் வெங்காயத்தை உரித்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

படுத்துக்கிடந்த பல்லக்காவின் கண்முன் வந்து நின்றது தீயணைப்புக்காரரோ தபால்காரரோ அல்ல. மூன்றாவது தடவை திருகாத அந்த நட்டுதான். கை நடுங்கியது உண்மை. ஆனால் கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இறுகவில்லை என்று சொன்னது. கேட்காதது அவர்.

அடுத்த நாளும் பட்டறைக்குப் போனார். தாளில் எழுதியபடி மெஷினைத் தொடவில்லை. அதன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதையோ வரைந்தார். ஆடும் கோடுகளைக் கணினி நேராக்கிக்கொடுத்தது. தீயணைப்புக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "தொடலண்ணே, மூச்சுதான் விடறேன். அதுக்கும் தாள் ஒட்டணும்னா சொல்லுங்க," என்றார்.

வரைந்து முடித்ததை வெட்ட ஆள் வேண்டும். கேட்டால் யாரும் வெட்டிக்கொடுத்திருப்பார்கள். பல்லக்கா நர்ஸ் வரும்வரை காத்திருந்தார்.

நர்ஸ் புதுப் பலகையோடு வந்தார். முகம் கொடுக்கவில்லை. பல்லக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

"அன்னிக்கு அது சரியா இறுகல. எனக்குத் தெரியும். நீ பாத்துட்டு இருந்ததால ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

நர்ஸ் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். பிறகு, "எவ்வளவு நாள் வரைஞ்சேன்னு தெரியுமாக்கா?" என்றார்.

"தெரியும்."

"அங்க ஒருத்தர் தினமும் சுவத்தையே அடிக்கிறாரு. குளிருதா, தாகமான்னு எங்களுக்குப் புரியல. அந்தப் பலகை அன்னிக்கே போயிருக்கணும்."

பல்லக்கா தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நர்ஸும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் நர்ஸ் கையை நீட்டினார். "அது என்ன, குடுங்க. வெட்டித் தரேன். என்கூடப் பேச வேணாம்."

பேசாமலே வெட்டிக்கொடுத்தார். இரண்டு பொருள்கள். ஒன்று, நடுவில் துளையிட்ட குட்டையான மரக்கட்டை. பிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே செருகத் தேவையில்லை. கட்டையின் துளையில் நிற்கவைத்துவிட்டு, மெஷினின் தலையைக் கீழே இறக்கி அதன்மேல் உட்காரச் சொன்னால் போதும். இன்னொன்று, ஸ்பேனரின் பிடியை நீட்டிக்கும் மரக்கை. அதன் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில், இழுக்கும் விசையை முள்ளால் காட்டும் தூக்குத் தராசை மாட்டி இழுக்க வேண்டும். முள், தராசில் பல்லக்கா போட்டுவைத்த சிவப்புக் கோட்டைத் தாண்டினால் நட்டு இறுகிவிட்டது. கை ஆடினால் முள்ளும் ஆடும். ஆடிக்கொண்டே கோட்டைத் தாண்டினாலும் தாண்டியதுதான்.

நர்ஸ் தன் புதுப் பலகைக்குச் சன்னமான பிட்டை மாட்டும்போது அந்தக் கட்டையைத்தான் கீழே வைத்தார். தராசை மாட்டி இழுத்தும் பார்த்தார். அன்று பலகை சேதமில்லாமல் முடிந்தது. அப்போதும் பேசவில்லை.

மாதக் கூட்டத்தில் பல்லக்கா அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். எல்லோரும் மெஷினைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தீயணைப்புக்காரர் நடந்ததை எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிறகு பல்லக்கா எழுந்தார்.

"அந்தப் பலகை கெட்டது என்னாலதான். அதுல பேச்சில்ல. ஆனா கெடுத்தது கை இல்ல, ரோஷம். நர்ஸம்மா முன்னாடி இன்னொரு தடவை திருக எனக்கு ரோஷமா இருந்துச்சு. ரோஷம் உள்ளவங்க தொடக் கூடாதுன்னு தாள் ஒட்டுங்க, நான் ஏத்துக்கறேன். ஒட்டினா இங்க ஒருத்தரும் மெஷின் பக்கம் போக முடியாது. அண்ணன் முதல்ல."

நாற்காலிகள் சிரித்தன. தீயணைப்புக்காரர் தன் முன்பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டார். அவர் விட்டுவிடவில்லை. "சரிக்கா. இப்ப எல்லார் முன்னாடியும் ஒரு பிட்டை மாத்திக் காட்டுங்க. முடிஞ்சா நானே தாளைக் கிழிக்கிறேன்."

பல்லக்கா மெஷினைத் திரும்பிப் பார்த்தார். கட்டையும் தராசும் பக்கத்திலேயே இருந்தன. அவரால் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"மாட்டேன்," என்றார்.

பிறகு தீயணைப்புக்காரர் பக்கம் திரும்பினார்.

"நான் வித்தை காட்ட வரல. எல்லாரும் மாத்திக் காட்டுறீங்கன்னா சொல்லுங்க, நானும் வரிசைல நிக்கிறேன். நான் மட்டும்னா மாட்டேன். ஆளைப் பத்தி விதி போடாதீங்கண்ணே. நட்டைப் பத்திப் போடுங்க. யாரு இறுக்கினாலும் முள்ளு கோட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா அது என் கையா இருந்தாலும் உங்க கையா இருந்தாலும் மெஷின் ஓடக் கூடாது."

"ஒரு ஆள் பக்கத்துல நின்னுக்கிட்டா என்ன?" என்றார் கிடார்க்காரர், நல்லெண்ணத்தோடு. "நீங்க ஓட்டும்போது மட்டும்."

"நீ ஓட்டும்போது யாரு நிப்பா?" என்றார் பல்லக்கா. கிடார்க்காரர் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் நர்ஸ் வாயைத் திறந்தார். "எனக்கு இன்னும் கோபம் போகல. அதைச் சொல்லிடறேன். ஆனா என் வார்டுல கை நடுங்கறவர் ஒருத்தர் தானே தண்ணி குடிப்பேன்னு சொன்னா, நான் டம்ளரைப் பிடுங்க மாட்டேன். பாதி ஊத்திக் குடுப்பேன். அந்தக் கட்டையும் தராசும் அதுதான். என் ரெண்டாவது பலகைய அதை வெச்சுத்தான் முடிச்சேன். என் கை நடுங்கறதில்ல." பல்லக்காவை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இதைச் சொன்னார்.

தீயணைப்புக்காரர் எழுந்துபோய் மரக்கையை எடுத்தார். தராசை மாட்டினார். ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டை இழுத்துப் பார்த்தார். முள்ளைக் கூர்ந்து பார்த்தார். திரும்ப ஒரு முறை இழுத்தார். என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை. மரக்கையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, "தாளை எடுத்துட்டு, அக்கா சொன்ன விதியப் போடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார்.

கைகள் எழுந்தன. முதலில் நர்ஸின் கை. பிறகு புதிர்ப்படக்காரர், கிடார்க்காரர், கதவு எண்காரர் என்று வரிசையாக. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, பாதிக்கு மேல் என்பது உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரிந்தது. தீயணைப்புக்காரரும் தன் கையைத் தோள்வரை தூக்கினார். பிறகு பல்லக்கா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "போதும்க்கா, ஆயிடுச்சு. நீங்க தூக்க வேணாம்," என்றார்.

பல்லக்கா இடது கையை மடியில் வைத்தார். வலது கையைத் தலைக்குமேல், முழங்கை மடங்காமல் நேராகத் தூக்கினார். விரல்கள் ஐந்தும் விரிந்து, எல்லோருக்கும் தெரியும்படி, அது அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. மற்ற கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தீயணைப்புக்காரர் கை தூக்கியிருந்தவர்களை எண்ணத் தொடங்கி, ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே வந்து, தன்னையும் சுட்டி, அந்தக் கைக்கு நேரே விரலை நீட்டி வாய்விட்டு எண்ணும்வரை பல்லக்கா அதை இறக்கவில்லை.